வாசலுக்கு வந்த பிறந்தகம்

அமெரிக்க முதியவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளில் ஒரு காட்சி ஏறக்குறையத் தவறாமல் இடம்பெறும். நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றில் நரைத்த தலையுடன் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து, பேச்சில்லாமல் சூப் அருந்திக்கொண்டிருப்பார்கள். வெளியே அவர்களுடைய ஆர்.வி. நிற்கும். கட்டுரையாளர் உடனே பெருமூச்செறிவார். பிள்ளைகள் எங்கோ, பெற்றோர் எங்கோ; வீடு வாசல் இன்றிச் சக்கரத்தின் மேல் முதுமையைக் கழிக்கிறார்களே என்று அவர் மனம் கசியும். இதற்கு நேரெதிரான இன்னொரு வகைக் கட்டுரையும் உண்டு. அதில் அதே தம்பதியர் சுதந்திரத்தின் திருவுருவங்கள் ஆகிவிடுவார்கள். வானப்பிரஸ்தம் என்ற சொல் இரண்டாவது பத்திக்குள் வந்து சேர்ந்துவிடும்.

இந்த இரண்டு வகையையும் நாங்களே எழுதியிருக்கிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. முதல் வகையை இந்நாட்டுக்கு வந்த புதிதில் எழுதினோம்; இரண்டாவதை, ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு துவங்கிய பிறகு. இப்போது எங்கள் கட்சி வேறு. ஆர்.வி. என்பது குடும்பத்தை விட்டு விலகிப் போகிற வாகனம் அன்று, குடும்பத்துக்கு அருகே வருவதற்காக ஏற்பட்ட வாகனம் என்று நினைக்கிறோம். எவ்வளவு அருகே என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உறங்கவும் சமைக்கவும் குளிக்கவும் வசதியுள்ள வண்டிக்கு ஆர்.வி. என்று பெயர். தானே ஓடுவதும் உண்டு, பிக்கப் லாரியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்வதும் உண்டு. நம் ஊர்க் கூண்டு வண்டிக்கு அடுப்பங்கரையும் கழிப்பறையும் வைத்ததாகக் கற்பனை செய்துகொண்டால் பாதி வந்துவிடும்.

ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரையொட்டிய புறநகர்த் தெரு ஒன்றுக்கு நாங்கள் 2009-இல் குடிவந்தோம். எதிர்வீட்டில் ஒரு பள்ளி ஆசிரியை, அவர் கணவர், இரண்டு குழந்தைகள். 2011 நவம்பரில் ஒரு மாலை, முப்பத்திரண்டு அடி நீளமுள்ள வெள்ளை வண்டியொன்று அவர்கள் வீட்டு டிரைவ்வேயில் பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது. வண்டியை ஓட்டியவர் ஆசிரியையின் தந்தை. பின்னால் நின்று இரு கைகளாலும் சைகை காட்டி வழிநடத்தியவர் தாய். பெரியவர் மிச்சிகன் மாநிலத்தில் மின்கம்பங்களில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேன் வேலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தவர். அம்மையார் பள்ளி நூலகர். ஓய்வு பெற்ற மறு ஆண்டே வீட்டை விற்று வண்டி வாங்கியிருந்தார்கள். கோடையில் வடக்கே பேரேரிகளின் கரை. குளிர் தொடங்கியதும் அரிசோனாப் பாலைவனம். நடுவே பத்து நாள் மகள் வீட்டு வாசல். அந்தப் பத்து நாளின் உச்சம், தேங்க்ஸ்கிவிங் எனப்படும் நன்றி நவிலல் நாள்.

வண்டியை நிறுத்துவது ஒரு சடங்கு போல நடக்கும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை வைப்பார். தரை சற்றே சரிவானதால் ஒருபுறச் சக்கரத்தின் கீழ் பலகைகளை அடுக்கி, நீர்மட்டக் கருவியை வைத்துப் பார்ப்பார். பிறகு கார்க் கொட்டகையிலிருந்து ஆரஞ்சு நிற மின்கம்பி ஒன்று இழுக்கப்பட்டு வண்டியில் சேரும். வீட்டுச் சுவரின் சாதாரண இணைப்பு 15 ஆம்பியர்தான் தாங்கும். இத்தகைய வண்டிக்கு 30 ஆம்பியர் வேண்டும். ஆகையால் விளக்கும் குளிர்பெட்டியும் ஓடும். அதற்கு மேல் மைக்ரோவேவும் காப்பி இயந்திரமும் ஒன்றாக ஓடினால் மகள் வீட்டில் மின்சாரம் போய்விடும். வாழ்நாள் முழுவதும் மின்சாரத்தோடு பழகிய மனிதர், மருமகன் வீட்டு ஃபியூஸ் போய்விடக் கூடாதென்று மனைவியிடம், “இரு, ஒவ்வொன்றாகப் போடு” என்று சொல்லிக்கொண்டிருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். சம்பந்தி மரியாதை என்பது எல்லா ஊரிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

பிள்ளைகள் வீட்டு வாசலில் இப்படி வண்டியை நிறுத்திக்கொள்வதற்கு ஆர்.வி. வட்டாரத்தில் ஒரு கேலிப்பெயர் உண்டு: மூச்டாக்கிங். மூச் என்றால் ஓசியில் அனுபவிப்பது. யாருமில்லாக் காட்டிலும் பாலையிலும் நிறுத்துவதற்கு பூன்டாக்கிங் என்று பெயர். அதில் வரும் பூன்டாக்ஸ், மலை என்று பொருள்படும் டகாலோக் மொழிச் சொல்லான பூன்டோக்கிலிருந்து, பிலிப்பைன்ஸில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் வாயிலாக ஆங்கிலத்துக்கு வந்தது. சொற்பிறப்பில் ஆர்வமுள்ள நம் வாசகர்களுக்காக இதைச் சொல்கிறோம். மனிதரில்லா மலைக்கும் மகள் வீட்டு வாசலுக்கும் ஒரே வாலைச் சேர்த்துப் பெயரிட்டவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருந்திருக்க வேண்டும்.

ஓசி என்று தங்களையே கேலி செய்துகொள்கிறார்களே தவிர, உண்மையில் அப்படி இல்லை. அவர்கள் சொந்தப் படுக்கையோடு வருகிறார்கள். சொந்தக் குளியலறையோடு வருகிறார்கள். விருந்து எத்தனை நாள் என்பதைக்கூட அவர்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். சரியாகச் சொன்னால், வண்டிக்கு அடியிலுள்ள கழிவுத் தொட்டி முடிவு செய்கிறது. அது நிறைந்தால் அதற்கென உள்ள நிலையத்துக்கு ஓட்டிச் சென்று காலி செய்தாக வேண்டும்.

2014-இல் எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கத்திலிருந்து எதிர்வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய வண்டிகள் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசலில் நிற்கக் கூடாதென்பது விதி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியை அவர்கள் எங்கிருந்து பிடித்தார்கள் என்று நாங்கள் வியந்தோம். அண்டை வீட்டார் கையெழுத்திட்டால் விலக்கு உண்டு என்றதும் ஆசிரியை ஒரு தாளுடன் வீடு வீடாக ஏறி இறங்கினார். நாங்களும் கையெழுத்திட்டோம். தெருவின் அழகு, வீட்டு விலை என்று தயங்கியவர்களும் இருந்தார்கள். தயங்கியவர்களில் ஒருவர் தம் தாயை முதியோர் இல்லத்தில் வைத்திருந்தவர் என்று எழுதினால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். ஆனால் அது உண்மையன்று. அவருடைய பெற்றோர் அவருடனேயே இருந்தார்கள்.

அந்தப் பத்து நாட்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் சமையலறைச் சன்னல் வழியே பார்த்தால், வண்டியின் சிறிய சன்னலில் மஞ்சள் வெளிச்சம் தெரியும். சற்றுக் கழித்து எதிர்வீட்டின் பக்கவாசல் கதவு திறக்கும். ஆசிரியை இரவுடையின் மேல் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலில் செருப்போடு, இருபது அடி தூரத்தை ஓடிக் கடந்து வண்டிக்குள் ஏறிவிடுவார். ஆறேகாலுக்கு அவர் திரும்பும்போது வீடு விழித்திருக்கும். கணவர், குழந்தைகள், பள்ளி, மதியச் சாப்பாட்டுப் பெட்டி. ஒருமுறை அம்மையாரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். “அந்த வீட்டில் நான் அவளுடைய விருந்தாளி. எந்த அலமாரியைத் திறப்பதற்கும் கேட்க வேண்டும். இங்கே வந்தால் அவள்தான் என் விருந்தாளி. நான் காப்பி போட்டுக் கொடுப்பேன், அவள் உட்கார்ந்து குடிப்பாள்” என்றார்.

பிறந்தகம் என்றொரு சொல் தமிழில் இருக்கிறது. திருமணமான பெண்ணுக்கு மட்டுமே உரிய சொல் அது. அதற்கு நேரான ஆங்கிலச் சொல் அந்த ஆசிரியையிடம் இல்லை. ஆனால் ஆண்டுக்குப் பத்து நாள் பொருள் இருந்தது.

நன்றி நவிலல் நாளின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இதன் விசித்திரம் இன்னும் விளங்கும். அந்நாளை நாடு முழுமைக்குமான விடுமுறையாக்கியதில் பெரும் பங்கு ஒரு பத்திரிகை ஆசிரியருடையது. இலக்கியப் பத்திரிகை நடத்துகிறவர்கள் இதில் சற்றே பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்ற மகளிர் இதழின் ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல், 1827-இல் வெளியான தம் ‘நார்த்வுட்’ நாவலிலேயே நியூ இங்கிலாந்துப் பண்ணை வீடொன்றின் நன்றி நவிலல் விருந்தைப் பதார்த்தம் பதார்த்தமாக விவரித்தவர். பிறகு பல ஆண்டுகள் ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 அக்டோபரில், லிங்கன் நவம்பர் மாதக் கடைசி வியாழனை நன்றி நவிலல் நாளாக அறிவித்தார். கடை வியாபாரத்துக்கு உதவுமென்று ரூஸ்வெல்ட் 1939-இல் அதை ஒரு வாரம் முன்னே தள்ளி, அது பெரும் ரகளையாகி, 1941-இல் நாடாளுமன்றம் நான்காவது வியாழன் என்று சட்டமியற்றி முடித்துவைத்தது.

அந்தப் பண்டிகையின் மூலப் படிமத்தில் ஒரு திசை இருக்கிறது. லிடியா மரியா சைல்ட் 1844-இல் எழுதிய, இன்றும் குழந்தைகள் பாடும் பாட்டில், பேரப்பிள்ளைகள் குதிரை இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் தாத்தா வீட்டுக்குப் போகிறார்கள். நகரத்துக்கு வேலை தேடிப் போனவர்கள் ஆண்டில் ஒருநாள் கிராமத்துப் பண்ணை வீட்டுக்குத் திரும்புவதே அந்நாளின் ஆதி வடிவம். 1943 மார்ச்சில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் வெளியான நார்மன் ராக்வெல்லின் புகழ்பெற்ற ஓவியத்திலும், பாட்டி ஏப்ரன் கட்டிக்கொண்டு வான்கோழித் தட்டை மேசையில் வைக்கிறாள். தாத்தா அவள் பின்னால் நிற்கிறார். வீடு அவர்களுடையது. மேசையின் தலைப்பகுதி அவர்களுடையது.

எதிர்வீட்டில் திசை தலைகீழ். பனிச்சறுக்கு வண்டியில் வருவது தாத்தாவும் பாட்டியும்தான். வான்கோழி மகளுடைய அடுப்பில் வேகிறது. மேசையின் தலைப்பகுதியில் மருமகன் அமர்கிறார். எஞ்சிய ஓர் உரிமையைப் பாட்டி விட்டுக்கொடுக்கவில்லை. வான்கோழி வீட்டு அடுப்பை நான்கைந்து மணி நேரம் அடைத்துக்கொண்டுவிடுவதால், பூசணிப் பையும் ஆப்பிள் பையும் வண்டியின் சிறிய அடுப்பில்தான் தயாராகும். வான்கோழி நுழையாத அடுப்பு அது, பை நுழையும். அவற்றைத் துணியால் மூடி, பேரக்குழந்தைகள் பரிவாரம் போல முன்னும் பின்னும் நடக்க, அவர் அந்த இருபது அடியைக் கடந்து வருவார். விருந்துக்கு வருகிறவர் கையை வீசிக்கொண்டு வருவதில்லை என்பதற்காக அல்ல. தன் வீட்டிலிருந்து வருகிறார் என்பதற்காக.

இங்கே சிறிது விலகி இந்தியானா மாநிலத்துக்குப் போகவேண்டும். அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பகுதி அம்மாநிலத்தின் வடக்கேயுள்ள எல்க்ஹார்ட் மாவட்டத்திலும் அதைச் சுற்றியும் தயாராகிறது. அத்தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களில் ஆமிஷ் சமூகத்தார் கணிசமானவர்கள். குதிரை வண்டியில் செல்கிற, சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதை மார்க்கக் கட்டுப்பாடாக விலக்கிய மக்கள், பிறர் ஓட்டுவதற்கான நாற்பதடி வண்டிகளுக்கு அலமாரி பொருத்துகிறார்கள். இந்த முரணைப் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அதைவிடச் சுவையானது, அந்த ஆமிஷ்களின் வீட்டமைப்பு. அவர்களிடையே பெற்றோர் பண்ணையை மகனிடமோ மகளிடமோ ஒப்படைத்ததும், பெரிய வீட்டோடு ஒட்டியோ, அதே வளாகத்தில் தனித்தோ கட்டிய சிறு வீட்டுக்கு மாறிக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் மொழியில் தாத்தா வீடு என்று பொருள்படும் பெயர். தனிச் சமையலறை, தனி வாசல், நடுவே ஒரு முற்றம் அளவு தூரம். ஒரே குடும்பம், இரண்டு அடுப்பு.

தொழிற்சாலையில் அவர்கள் செய்வதும் தாத்தா வீடுகளைத்தான் என்பது எங்கள் எண்ணம். பிள்ளைகள் ஒரே பண்ணையில் இருந்தால் தாத்தா வீட்டுக்கு அஸ்திவாரம் போடலாம். ஒருத்தி ஒஹாயோவிலும் ஒருவன் ஓரிகனிலும் இருந்தால் சக்கரம்தான் போடவேண்டும்.

நாவலாசிரியர்களும் திரைப்படக்காரர்களும் இதை ஓரளவு கண்டுகொண்டிருக்கிறார்கள். அலெக்சாண்டர் பெயின் இயக்கி 2002-இல் வந்த ‘அபவுட் ஷ்மிட்’ படத்தில், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்ற ஷ்மிட், மனைவி இறந்த பின் பெரிய வின்னபேகோ வண்டியில் மகளின் கல்யாணத்தை நிறுத்தப் புறப்படுகிறார். முன்கூட்டியே வருவதாகத் தொலைபேசியில் சொன்னதும், வேண்டாம், கல்யாணத்தை ஒட்டி வந்தால் போதும் என்கிறாள் மகள். ஜாக் நிக்கல்சனின் முகம் அந்த இடத்தில் சுருங்குவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். லூயி பெக்லியின் மூல நாவலில் ஷ்மிட் நியூயார்க் வழக்கறிஞர்; வண்டியே கிடையாது. வண்டியைச் சேர்த்தது திரைக்கதை. வீட்டையே இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்ட தகப்பனுக்கு நிறுத்த ஒரு வாசல் கிடைக்கவில்லை என்பதைக் காட்ட, அதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை.

மைக்கேல் ஸடூரியனின் ‘தி லெஷர் சீக்கர்’ நாவல் 2009-இல் வந்தது. டெட்ராய்ட் பகுதியைச் சேர்ந்த வயோதிகத் தம்பதியர். அவருக்கு மறதி நோய், அவளுக்குப் புற்றுநோய். பிள்ளைகளும் மருத்துவர்களும் தடுக்க, பழைய ஆர்.வி.யை எடுத்துக்கொண்டு 66-ஆம் எண் சாலையில் டிஸ்னிலாந்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். நினைவு அழிந்துகொண்டிருக்கும் கணவர் வண்டியை ஓட்ட, மனைவி வழி சொல்கிறாள். ‘கோபத்தின் கனிகள்’ நாவலில் ஸ்டைன்பெக்கின் ஜோட் குடும்பம் பிழைப்புத் தேடிப் போனதும் அதே சாலையில்தான். அந்தப் பயணத்தில் தாத்தாவும் பாட்டியும் கலிஃபோர்னியாவில் குடியேறுவதைக் காணாமலே இறந்துபோகிறார்கள். ஒரே சாலை, ஒரு தலைமுறை வீட்டை இழந்து போயிற்று, இன்னொன்று வீட்டை விட்டு ஓடிப்போயிற்று. ஸடூரியனின் நாவல் 2017-இல் படமாகி, பயணம் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டுக்கு மாற்றப்பட்டது. படத்தைவிட நாவலே மேல். பிள்ளைகளிடமிருந்து தப்பி ஓடும் அந்தக் கிழவி, வழியெங்கும் பிள்ளைகளைத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள் என்பதை நாவலில்தான் பொறுமையாகக் காட்ட முடிகிறது.

எங்கள் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் மறைக்கப்போவதில்லை. முதலாவது, ஜெசிகா ப்ரூடரின் ‘நோமாட்லேண்ட்’. 2017-இல் வந்த அந்த நூலின் மனிதர்கள் ஓய்வூதியத்தில் உலா வருகிறவர்கள் அல்லர். 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, பழைய வேன்களில் வாழ்கிற முதியவர்கள். முகாம்களைப் பராமரிக்கிறார்கள், சர்க்கரை பீட் அறுவடைக்குப் போகிறார்கள்; பண்டிகைக்கால நெரிசலுக்கென அமேசான் நிறுவனம் பல ஆண்டுகள் நடத்திய திட்டத்தில் சேர்ந்து கிடங்குகளில் பொதி கட்டுகிறார்கள். பிறர் குடும்பம் கூடும் நாளுக்கான பரிசுப் பொருட்கள் இவர்கள் கைவழியே போகின்றன. க்ளோயி ஜாவோ இயக்கிய திரைப்படம் 2021-இல் ஆஸ்கார் பெற்றது. நூலின் கோபம் அதில் பாதிதான் இருக்கிறது. ஒரே பாலைவனத்தில், அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில், விற்பதற்கு வீடு இருந்தவர்களும் வீடு பறிபோனவர்களும் சில நூறு அடி இடைவெளியில் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். சில ஆயிரம் பேரே நிரந்தரமாக வாழும் அவ்வூரைச் சுற்றியுள்ள அரசு நிலத்தில் ஜனவரியில் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவரும் அவர்களில் ஒருவர்தான். அவரிடம் தொழிற்சங்க ஓய்வூதியம் இருந்தது என்பதுதான் வேறுபாடு. வாசல் கிடைத்த வண்டியைப் பற்றித்தான் நாங்கள் பேசுகிறோம் என்பதை மறந்துவிடவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் எங்களுக்கு இன்னும் கடினமானது. அவர்களுக்கு ஓரிகனில் ஒரு மகனும் உண்டு. மிச்சிகன் வீட்டை விற்றபோது அவனுக்கு முப்பது வயது. விற்பதற்கு முன் ஒரு வார இறுதியில் வந்து, தன் பெட்டிகளைப் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறார்கள். அவன் வந்தான்; ஒரு மீன்பிடித் தூண்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அதன்பின் நன்றி நவிலல் நாளுக்கு அவன் வந்தது இரண்டே முறை. சகோதரி வீட்டு மேசைக்கு வருவது விருந்துக்கு வருவது. தான் வளர்ந்த வீட்டுக்கு வருவது வேறு. மகளுக்குப் பிறந்தகத்தை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் மகனுக்கு அதை விற்றுவிட்டார்கள் என்று சொன்னால் கொடூரமாக இருக்கும். ஆனாலும் அம்மையாரே ஒருநாள் ஏறக்குறைய இதையே சொன்னார்.

மூன்றாவது, கணக்கு. விற்ற வீட்டின் விலை ஏறிக்கொண்டே போகும். வாங்கிய வண்டியின் விலை இறங்கிக்கொண்டே போகும். திரும்பி வர நினைத்தால் அதே வீட்டை வாங்க முடியாது. இது ஒருவழிப் பாதை. சாவியைக் கொடுக்கும்போது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் நாங்கள் ஏன் இத்தனை நீட்டி எழுதுகிறோம் என்றால், எங்கள் வீட்டு விருந்தினர் அறையும் ஒரு காரணம். பார்வையாளர் விசாவில் எங்கள் பெற்றோர் ஆறாறு மாதமாக நான்கு முறை வந்து தங்கினார்கள். நல்ல அறை, தனிக் குளியலறை, தமிழ்த் தொலைக்காட்சி. அம்மா ஆறு மாதமும், “இந்தப் பாத்திரத்தை எடுக்கலாமா?” என்று கேட்டபடியே இருந்தார். அப்பா, யாராவது ஓட்டினால் ஒழியக் கடைக்குப் போக முடியாத இடத்தில், தபால்பெட்டி வரை நடந்து திரும்பிக்கொண்டிருந்தார். கூட்டுக்குடும்பத்தின் பெருமையை நாங்கள் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் எங்கள் அம்மா எங்களுக்கு அமெரிக்காவில் ஒருநாளாவது தம் அடுப்பில் காப்பி போட்டுத் தந்தாரா என்று யோசித்துப் பார்த்தோம். அடுப்பு எங்களுடையது. அவர் சமைத்தார், தினமும் சமைத்தார். அது வேறு.

எதிர்வீட்டு வண்டி 2023 நவம்பரில் கடைசியாக வந்தது. பெரியவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருந்தது. சாலை ஓரங்கள் தெரிகின்றன, நேரெதிரே இருப்பது மங்குகிறது என்றார். முப்பத்திரண்டு அடி வண்டியை அம்மையார் ஒருநாளும் ஓட்டியதில்லை; கையசைத்து வழி காட்டியதோடு சரி. எங்களுக்குத் தெரிந்த பல தம்பதியரிடம் இதுவே நிலை. ஒருவர் ஓட்டுவார், ஒருவர் வழி சொல்வார். வீடு ஓடுவது ஒருவருடைய கண்களை நம்பி. டெக்சஸின் லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. 1978-இல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதியர் துவக்கியது. வீடில்லாமல் சுற்றுகிறவர்களுக்கு அதுதான் சட்டப்படியான முகவரி, தபால்பெட்டி. அங்கே, இனி ஓட்ட முடியாதவர்கள் தங்கள் வண்டியை நிரந்தரமாக நிறுத்திக்கொண்டு அதிலேயே வாழவும், சாப்பாட்டுக்கும் மருத்துவரிடம் போகவும் துணை கிடைக்கவும் ஓர் இடம் அமைத்திருக்கிறார்கள். பெரியவர் அங்கே போய்விடலாம் என்றார். மகள் ஒப்பவில்லை, அழுதார். ஆயிரம் மைல் தள்ளி ஒரு வாகன நிறுத்தத்தில் பெற்றோரை விட்டுவிடுவதா என்று கேட்டார். நாங்கள் மனத்துக்குள் பெரியவர் பக்கம் நின்றோம். வெளியே சொல்லவில்லை; கையெழுத்துக் கேட்டு எந்தத் தாளும் வரவில்லையே.

வண்டி 2024 மார்ச்சில் விற்கப்பட்டது. எதிர்வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒழித்து, கழிப்பறையில் கைப்பிடிகள் பொருத்தி, அவர்களைக் குடிவைத்தார்கள். அவ்வாண்டு நன்றி நவிலல் விருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். எல்லாம் சிறப்பாகவே இருந்தது. பை இரண்டும் கடையில் வாங்கியவை. அடுப்பு காலியாக இல்லை என்றார் அம்மையார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியுமுன் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்க வெளியே வந்தோம். தரையெங்கும் உறைபனி. எதிர்வீடு இருண்டிருந்தது. டிரைவ்வேயில் ஆசிரியையின் கார் மட்டும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, உள்விளக்கு எரிய நின்றது. எங்காவது அவசரமாகப் புறப்படுகிறார்களோ, பெரியவருக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்று அருகே போனோம். முன் இருக்கைகளில் தாயும் மகளும் இரவுடையின் மேல் குளிரங்கி அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் அம்மையார். மடியில் ஒரு வெந்நீர்க் குடுவை. மூடியில் ஊற்றிய காப்பியை மகளிடம் நீட்டிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்துக் கண்ணாடியைச் சிறிதே இறக்கி, இன்னொரு கோப்பை இல்லையே என்றார்.